மெமரிக்குப் பொட்டு வைத்த வீடு

ஒரே வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேர் ஒரே நாளில் மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றால், அங்கே யார் செத்துப்போனது?

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில் டீக்கடை பச்சையப்பன் என்னிடம் கேட்ட கேள்வி இது. அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரியல அண்ணாத்தே" என்று சொல்லி டீயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் அந்த வீட்டு மதிவதனி அக்காவே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். யாரும் குழம்பக் கூடாது என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

மதிவதனிக்கு அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து ரயில் கார்ஷெட் பக்கம் திரும்பும் தெருவில் வீடு. டியூஷன் சென்டர்களுக்குக் கேள்வித்தாள் டைப் செய்து கொடுப்பது வேலை. கீபோர்டைப் பார்க்கவே மாட்டார். குழம்பு பொங்குகிறதா என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார், விரல்கள் பாட்டுக்கு 'ஏதேனும் ஐந்து வினாக்களுக்கு விடையளி' என்று அடித்துக்கொண்டு போகும்.

அவரிடம் ஒரு பழக்கம். ஏதாவது கெட்டுப்போனால் மற்றவர்கள் அதைத் தட்டுவார்கள், திட்டுவார்கள். மதிவதனி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். அவருடைய தம்பி பரந்தாமன் திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஷேர் வேன் ஓட்டுகிறான். ஒருநாள் வேனில் கிணிகிணி என்று சத்தம். எஞ்சினை இறக்க வேண்டியதுதான் என்று அவன் புலம்பினான். வண்டியில் உட்கார்ந்திருந்த அக்கா, "எஞ்சினை அப்புறம் இறக்கலாம், முதல்ல ஆளுங்களை இறக்கு" என்றார். ஒவ்வொருவராக இறக்கி இறக்கி வண்டியை ஓட்டச் சொன்னார். ஒரு பூக்கார அம்மா இறங்கியதும் சத்தம் நின்றது. அவர் கூடைக்குள் தூக்குவாளியும் டம்ளரும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

மதிவதனியின் வீட்டுக்காரர் வேம்புலிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. அவரிடம் ஊரே பார்க்கும்படி இருந்தது மீசைதான். ரெண்டு பக்கமும் முறுக்கி மேலே தூக்கி விட்டிருப்பார். ரயிலில் கூட்டம் நெருக்கினால் டிபன் பையை விட்டுவிட்டு மீசையைத்தான் முதலில் கையால் மறைப்பார். வேலை முடிந்து வந்தால் அவருக்கு ஒரே பைத்தியம், டிவியில் பெட்டியை மாட்டி விளையாடுகிற பழைய குஸ்தி கேம். அந்தப் பெட்டி எப்போதோ செத்துவிட்டது. அதனால் மதிவதனியின் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு வைத்திருந்தார். எமுலேட்டர் என்பது கம்ப்யூட்டருக்கு வேஷம் கட்டிவிடுகிற மென்பொருள். 'நான்தான் அந்தப் பழைய பெட்டி' என்று கம்ப்யூட்டரே நம்பிக்கொண்டு கேமை ஓட்டும்.

பண்டிகை நாள் வந்தால் வேம்புலிக்கும் பரந்தாமனுக்கும் குஸ்தி நடக்கும். போன தீபாவளிக்கும் நடந்தது. வேம்புலியின் முகமூடி பயில்வான் பரந்தாமனின் ஆளைத் தூக்கித் தலைக்கு மேலே வைத்திருந்தான். கீழே போடுவதற்குள் திரை அப்படியே உறைந்தது. நடுவில் ஒரு கட்டம் எழுந்து, மெமரியைப் படிக்க முடியவில்லை என்று ஒரு நீளமான எண்ணோடு சொல்லிவிட்டு, எமுலேட்டர் தானாக மூடிக்கொண்டது.

"இன்னா மாமா, தோக்கப் போறோம்னு ஒயரைப் புடுங்கிட்டியா?" என்றான் பரந்தாமன்.

"நானா தோக்கப் போறேன்? உன் ஆளு அந்தரத்துல தொங்கிகினு கீறான், பாத்த இல்ல?"

"தொங்கிகினு இல்ல. உன் கழுத்தைப் புடிக்க மேல ஏறிகினு இருந்தான்."

வார்த்தை வளர்ந்தது. காணும் பொங்கலன்று மறுபடி மோதுவது, தோற்றவன் மீசையை எடுப்பது என்று முடிவானது. கிளம்பும்போது பரந்தாமன் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சேர்த்தான்: "சிஸ்டம் நின்னுச்சுன்னா சிஸ்டம்காரன் தோத்ததா கணக்கு. சரியா?"

வேம்புலி வீம்புக்குச் சரி என்றார். அவன் போனதும் மீசையைத் தடவிக்கொண்டே, "மதி, இதை எப்பிடியாவது சரி பண்ணிடு. என் மானம் உன் கையில கீது" என்றார்.

"மானம் என் கையில இல்லைங்க, உங்க மூக்குக்குக் கீழ கீது" என்றார் மதிவதனி. ஆனால் மறுநாளே வேலையில் இறங்கிவிட்டார்.

முதலில் எமுலேட்டரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். நின்றது. கேம் கோப்பு கெட்டிருக்கும் என்று பழைய சிடியைத் துடைத்து மறுபடி காப்பி எடுத்தார். நின்றது. படத்தின் தரத்தைக் குறைத்தார். பயில்வான்கள் மங்கிப்போனார்கள், அப்போதும் நின்றது. எமுலேட்டருக்கு இன்னும் கொஞ்சம் மெமரி ஒதுக்கிப் பார்த்தார். இன்னும் சீக்கிரமாக நின்றது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதும் விளையாடிப் பார்ப்பது. இதுதான் அவருடைய முறை.

ரெண்டு விஷயம் அவர் கண்ணில் பட்டன. பிழைக் கட்டத்தில் வரும் அந்த நீளமான எண், மெமரியில் எந்த இடத்தில் தடுக்கியது என்று சொல்லும் கதவு எண் மாதிரி. மென்பொருளில் கோளாறு என்றால், தெருவில் இருக்கும் ஒரே பள்ளத்தில் எல்லாரும் விழுவதுபோல, பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண். இன்னொன்று, கேள்வித்தாள் டைப் செய்யும்போது ஒருநாளும் நின்றதில்லை. டைப் செய்ய மெமரியில் முன் அறை மட்டும் போதும். குஸ்திக்கு வீடு மொத்தமும் வேண்டும். பின் அறைக்குள் காலை வைத்தால்தான் விழுகிறது.

மெமரியை மட்டும் சோதிக்கும் ஒரு மென்பொருளை ஓட்டினார். திரை முழுக்கச் சிவப்புக் கோடுகள். பின்னால் நின்று பார்த்த வேம்புலிக்கு முகம் மாறிவிட்டது.

"பாத்தியா, எவ்ளோ செவப்பு! கண்ணு பட்டுகீது. உன் தம்பி கண்ணு சாதாரண கண்ணா?"

"கண்ணும் இல்ல, காதும் இல்ல. மெமரியில ஏதோ தப்பு."

"மெமரின்னா எது? காட்டு."

மதிவதனி கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினார். பச்சையாக, சீப்பு நீளத்தில், பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு பட்டைகள். அடியில் பல்வரிசை மாதிரி தங்க நிறத்தில் கோடுகள். "இதுங்க ரெண்டும்தான். அந்தப் பல்லு உள்ள சரியா கடிச்சிகினு இருந்தாத்தான் வேலை செய்யும்" என்றார். குக்கர் விசிலடித்தது. எழுந்து போய்விட்டார். அங்கேதான் தப்பு நடந்தது.

நவம்பர் முழுக்க ஒரு வேடிக்கை. ஒரு வாரம் நாளுக்கு ஒருமுறை நிற்கும். இன்னொரு வாரம் தொட்டால் நிற்கும். மதிவதனி யோசித்துப் பார்த்தார். சனிக்கிழமைகளில்தான் ரொம்ப மோசம். கம்ப்யூட்டருக்குக் கிழமை எப்படித் தெரியும்?

அடுத்த சனிக்கிழமை காலையில் வேம்புலி வேலைக்குப் போனதும் பெட்டியைத் திறந்தார். உள்ளே கமகமவென்று வாசனை. மின்விசிறியில் பொட்டு. பவர் சப்ளையில் பொட்டு. அவை ஆயுத பூஜைப் பொட்டு, மூடியைக் கழற்றிக் காட்டிய அன்றே பார்த்ததுதான். ஒரு மெமரிப் பட்டையைப் பிடுங்கினார், பல்வரிசை சுத்தமாக இருந்தது. அடுத்ததைப் பிடுங்கினார். அந்தத் தங்கப் பல்வரிசை முழுக்கச் சந்தனம், மேலே நடுநடுவே குங்குமம். அடியில் பழைய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, அதன் மேல் நேற்றுப் பூசியது ஈரமாக இருந்தது.

சாயங்காலம் வேம்புலி வந்ததும் அந்தப் பட்டையை அவர் தட்டில் வைத்தார், போண்டா வைக்கிற மாதிரி.

"யார் வெச்சது?"

"நான்தான். ஆயுத பூஜைக்குப் பெட்டியைத் தொறந்து எல்லாத்துக்கும் வெச்சேன், இந்தப் பட்டைதான் கையோட கழண்டு வந்துச்சு. தீபாவளிக்கு நின்னதும், மெமரிதான் படுத்துதுன்னு நீயே காட்டுன. அதான் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அதுக்கு மட்டும் தனியா வெச்சிகினு வரேன்." அவர் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. "கம்பெனில வருஷா வருஷம் லேத்துக்கு வெக்கிறோம். ஒருநாள் மக்கர் பண்ணிகீதா?"

"லேத்துக்கு நெத்தியில வெப்பீங்க. பல்லு இடுக்குலயா பூசுவீங்க?"

வேம்புலி தட்டிலிருந்து அதை எடுத்தார். பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப, நின்னதும் நான் வெச்சேன்... நான் வெச்சதால நின்னுச்சா?"

"நின்னுச்சுன்னு வெச்சீங்க, வெச்சதால நின்னுச்சு, திரும்பவும் வெச்சீங்க. என் தம்பி கண்ணை வேற திட்னீங்க."

மதிவதனி பட்டையை வாங்கி, அதன் பல்வரிசையைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தார். அது மாட்டுகிற பள்ளத்தையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து திரும்ப மாட்டினார். சோதனையை ஓட்டினார். ஒரு சிவப்புக் கோடுகூட வரவில்லை. "இனிமே பொட்டு வெளிய, பெட்டி நெத்தியில மட்டும்" என்று உத்தரவு போட்டார். வேம்புலி பிள்ளையார் முன் நிற்பதுபோல் நின்று தலையாட்டினார்.

ஆனால் அது போதுமா? சோதனை ஓடுவது வேறு, கேம் ஓடுவது வேறு. மீசை என்னவோ கேமில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் வேம்புலி ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு ரயில் ஏறியதும் மதிவதனி தினமும் உட்கார்ந்து குஸ்தி விளையாடினார். எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்காகத்தான். முதலில் ஒரு சண்டை. அப்புறம் ஒரு பெல்ட்டுக்கான போட்டி முழுக்க. அப்புறம் கடைசிச் சுற்றுவரை, அங்கேதான் கேம் மெமரியை அதிகம் கேட்கும். ஜாய்ஸ்டிக் பழக்கமில்லை, கீபோர்டிலேயே ஆடினார். மார்கழி முழுக்க சோதனை. எமுலேட்டர் ஒருமுறைகூட நிற்கவில்லை. மதிவதனியும் நிறுத்தவில்லை. நாலு டியூஷன் சென்டர்களுக்குக் கேள்வித்தாள் தாமதமாகப் போனது.

காணும் பொங்கல் வந்தது. பரந்தாமன் மீசையை அழகாகக் கத்தரித்துக்கொண்டு வந்திருந்தான். தைக் கடைசியில் அவனுக்கு நிச்சயதார்த்தம். மாங்காட்டுப் பெண், பெயர் விஜி. "அக்கா, அவளுக்கு என் மீசைதான் புடிச்சுகீதாம்" என்று சொல்லிக்கொண்டே ஜாய்ஸ்டிக்கை எடுத்தான்.

எமுலேட்டர் நிற்கவில்லை. முகமூடி பயில்வான் பரந்தாமனின் ஆளைத் தலைக்கு மேலே தூக்கினான். பரந்தாமன் சண்டையைப் பார்க்கவில்லை, பிழைக் கட்டம் வருமா என்று திரையின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை. தொப்பென்று போட்டான் பயில்வான்.

வேம்புலி துள்ளிக் குதித்தார். "கத்தி எடுத்துகினு வா மதி!"

"அக்கா, நிச்சயம் கீதுக்கா! நீயாவது சொல்லேன்!"

மதிவதனி வாயைத் திறப்பதற்குள் வேம்புலிக்கு வெற்றி தலைக்கேறிவிட்டது. மீசையின் ரெண்டு முனையையும் முறுக்கினார். "சொல்றது இன்னா? இந்த ஊட்ல என்னை ஜெயிக்க ஆளு கீதா? யாராவது ஜெயிக்கட்டும், அப்பவே என் மீசையும் எடுக்கறேன்."

"யாராவதா?" என்றார் மதிவதனி.

"யாராவது!"

மதிவதனி கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தார். வேம்புலி சிரித்தார். "இன்னா, கேள்வித்தாள் அடிக்கப் போறியா?"

சண்டை ஆரம்பித்தது. மதிவதனி கீபோர்டைப் பார்க்கவில்லை. திரையைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை, வடை கருகுகிறதா என்று அடுப்படியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். முகமூடி பயில்வான் ரெண்டு அடி அடித்ததும் ஒரு நொடி மார்பைத் தட்டி நிற்பான் என்பது மார்கழி முழுக்க அவனோடு குடியிருந்தவருக்குத் தெரியாதா? அவன் மார்பைத் தட்டினான். விரல்கள் படபடவென்று ஓடின. பயில்வான் கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்தான். திரும்ப ஏறி வந்தான். திரும்ப விழுந்தான். மூன்றாம் முறை எழுந்திருக்கவில்லை.

வேம்புலி திரையையே வெறித்தார். "நின்னுடுச்சா? எரர் வந்துச்சா?"

"எரரே இல்ல மாமா, சூப்பரா ஓடுது" என்றான் பரந்தாமன். தன் மீசை போகப்போகிற நிலையிலும் அவன் முகம் அப்படி மலர்ந்திருந்தது. "வா மாமே, ரெண்டு பேரும் சேந்தே போலாம்."

சேர்ந்தே போனார்கள். சலூன்காரர் ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், துக்கத்துக்குக் கொடுக்கிற மரியாதையோடு எடுத்துவிட்டார். பக்கத்து வீட்டு முனியம்மா மறுநாள் காலையிலேயே மாலையோடு வந்து வாசலில் உட்கார்ந்து ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார். யாருக்காக என்று பாதியில்தான் கேட்டார். சொன்னதும், "அடச்சே, ஒரு கேமுக்கா? மாலையை நான் இன்னா பண்றது?" என்று கோபித்துக்கொண்டார். மாலையை மதிவதனி வாங்கி, கம்ப்யூட்டர் பெட்டிக்கு வெளியே, நெற்றியில், சாத்தினார்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. டீக்கடையிலிருந்து கிளம்பிய பேச்சு வேனில் ஏறி, பூந்தமல்லி வழியாக மாங்காட்டுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டில் சாவு விழுந்திருக்கிறது, தீட்டு இருக்கும்போது நிச்சயதார்த்தம் கூடாது என்று பெண் வீட்டார் தேதியைத் தள்ளிப்போடப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். பரந்தாமன் போன் செய்து நடந்ததைச் சொன்னால், குஸ்தி, எமுலேட்டர், சந்தனம் என்றதும், துக்கத்தில் பாவம் உளறுகிறான் என்று ஆறுதல் சொல்லி வைத்துவிடுகிறார்களாம்.

அதனால்தான் இதை இவ்வளவு விளக்கமாக எழுதினேன். படிக்கிறவர்களுக்கு மாங்காட்டுப் பக்கம் யாரையாவது தெரிந்திருந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் இன்னும் நாலு பேரிடம் சொல்லட்டும். அண்ணனூரில் யாரும் சாகவில்லை. மெமரியும் நன்றாக இருக்கிறது. மீசை எப்படியும் நிச்சயதார்த்தத்துக்குள் கொஞ்சமாவது வளர்ந்துவிடும்.