பஞ்சில் தொட்ட தண்ணீர்

சித்தி, குழந்தைகள் புற்றுநோய் வார்டில் பதினெட்டு வருடமாகத் துப்புரவு வேலை பார்க்கிறார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அதே ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, "எங்க வீட்டுப் பொண்ணு வெள்ளைக் கோட்டு போடுது" என்று லிஃப்ட்காரரிடம்கூடச் சொன்னார்.

"அப்போ இனிமே வார்டை யாரு கூட்டுவா?" என்று அவர் கேட்டார்.

"நான்தான். ஆனா தலையை நிமித்திக் கூட்டுவேன்."

மருந்து ஏற்றுவதற்காக அந்தக் குழந்தைகளின் நெஞ்சில் ஒரு குழாய் பொருத்தியிருக்கும். அதன் மேல் ஒட்டிய பிளாஸ்திரியை வாரம் ஒருமுறை மாற்றும்போது வார்டே அலறும். நர்ஸ் வருவதற்கு முன்பே சித்தி கைகழுவும் தொட்டியில் பஞ்சை நனைத்து, ஓரங்களை ஊறவைத்துவிடுவார். உரிக்கையில் வலிக்காது. அது அவர் வேலையில்லை, யாரும் தடுக்கவுமில்லை. வாயாடி என்று எல்லோரும் கூப்பிட்ட ஆறு வயதுக்காரி, சித்தி வராமல் சட்டைப் பொத்தானையே கழற்ற மாட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காய்ச்சலில் கிடந்த ஒரு பையனின் இரத்தத்தில் நாங்கள் பார்த்தேயிராத பாக்டீரியா வளர்ந்திருந்தது. "தண்ணிக் குழாய்க்குள்ள இருக்கிற கிருமி. நம்மள ஒண்ணும் பண்ணாது. எதிர்ப்புச் சக்தியே இல்லாத இந்தப் புள்ளைங்களைத்தான் பிடிக்கும்" என்றார் தலைமை டெக்னீஷியன்.

எனக்குச் சட்டென்று பஞ்சு ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. சித்திக்கு வேலை போய்விடும். உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று, படித்தவள்போல எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புதன் மாலைதான் போய்க் கேட்டேன்.

"சித்தி, பஞ்சை எந்தத் தண்ணியில நனைப்பீங்க?"

"குழாய்த் தண்ணிதான்டி. இன்னிக்குக் காலையிலகூட வாயாடிக்கு வச்சேன். பாடிக்கிட்டே உரிக்க விட்டுட்டா."

பையனின் இரத்தத்தில் வளர்ந்த குழாய்த் தண்ணீர்க் கிருமியைப் பற்றிச் சொன்னேன். கையைச் சீருடையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தானே நடந்துபோய் டாக்டரிடம் சொன்னார்.

தொட்டிக் குழாயிலும் அதே கிருமி இருந்தது. பையன் பிழைத்தான். வெள்ளிக்கிழமை வாயாடிக்குக் காய்ச்சல் கண்டது. பன்னிரண்டாம் நாள் அவள் கட்டில் காலியாக இருந்தது.

சித்தியின் வேலை போகவில்லை. பிளாஸ்திரி மாற்றும் நேரத்தில் இப்போது வராந்தாவில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அலறல் ஓயும்வரை நிற்கிறார்.

"இவ மட்டும் கண்டதும் ஓடிவந்து சொல்லலன்னா, இன்னும் எத்தனை புள்ளைங்க போயிருக்குமோ" என்று லிஃப்ட்காரரிடம் சொல்கிறார். அவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே எனக்குத் தோன்றிவிட்டதை இதுவரை நான் சித்தியிடம் சொல்லவில்லை.