நெத்திலி எண்ணெய் சோப்பு

அம்மா கொடுத்தனுப்பிய சோப்பை இன்று பிரித்ததுமே குமட்டிக்கொண்டு வந்தது: கொட்டாங்கச்சியில் ஊற்றி இறுகவைத்த அதே அரை உருண்டை, நெத்திலி வறுத்த எண்ணெயின் அதே நாற்றம்.

ரெட்டியார்பாளையத்தில் இப்போது கடைகள் நிற்கும் இடத்தில்தான் எங்கள் ஓலைக் குளியலறை இருந்தது. மில் வேலைக்கு ஓடும் அம்மா, வாரமெல்லாம் மிஞ்சிய பொரித்த எண்ணெயைச் சேர்த்துவைத்து, ஞாயிறுதோறும் காஸ்டிக் சோடா கலந்து சோப்பு செய்வாள். அதைத் தேய்த்துக் குளித்துப் பள்ளிக்கூடம் போனால் தெருப் பூனைகள் பின்னாலேயே வரும்; வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த தனமோ மூக்கைப் பொத்திக்கொண்டு, "தள்ளிக் குந்துடா, கருவாடு!" என்பாள்.

தனத்துக்காக ஒரு தந்திரம் செய்தேன். வெறுந்தண்ணீரில் குளித்துவிட்டு, அந்தக் கொழகொழப்பைத் துவைக்கிற கல்லில் தேய்த்தே கரைத்தேன். மூன்றே நாளில் ஒரு சோப்பு தீர்ந்தது. அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "எம் புள்ளைக்கு இந்த சோப்புன்னா உசுரு" என்று பக்கத்து வீட்டு எண்ணெயையும் வாங்கிவந்து இரண்டு மடங்கு செய்தாள். தேய்த்துக் கரைத்த கையிலேயே நாற்றம் ஒட்டிக்கொள்ள, தனம் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

இப்போது போனில், "சோப்பு எப்படிடா கீது?" என்கிறாள் அம்மா.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பாதி கரைஞ்சிடுச்சும்மா" என்று வந்தது.

"அப்ப இன்னும் பத்து அனுப்புறேன்!"