அறுபத்தேழு புள்ளி ஒன்பது

விளக்கெண்ணெய் கருகுகிற வாசனை. போன வாரம் உக்கடம் சிக்னலில் ஏதோ ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி எனக்கு முன்னால் நின்று புகையைக் கக்க, அந்த வாசனை ஹெல்மெட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. பச்சை விழுந்தும் நான் நகரவில்லை. பின்னால் இருந்த பஸ்காரன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். திட்டட்டும், அவனுக்கென்ன தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேயும் கிடையாது, சாமியும் கிடையாது. சுடுகாட்டுச் சுவரில் சாய்ந்து பரோட்டா தின்றவன் நான். இன்ஜினைப் பிரித்து மாட்டிப் பழகியவனுக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்றுதான் தோன்றும். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன். அதுவும் இருட்டில் இல்லை, கண் கூசுகிற வெயிலில் நடந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், மதுக்கரை தாண்டி, ஒரு மில் முதலாளி தன் நிலத்தில் தார் போட்டு ஒரு சுற்றுப்பாதை வைத்திருந்தார். எங்களுக்கு அவர் அண்ணன். ஞாயிறானால் நானும் ஸ்டீபனும் அங்கே பைக் ஓட்டுவோம், சிமெண்ட் தூசியில் பல்லெல்லாம் நறநறக்க. ஸ்டீபன் ஃபவுண்டரியில் இரும்பு ஊற்றுகிறவன். பெட்ரோலில் விளக்கெண்ணெய் கலந்து ஓட்டுவது அவன் ஒருவன்தான். "ஏன்டா, இன்ஜினுக்கு வயித்தால போயிராதா?" என்று கேட்டால், "அதனாலதான்டா மாப்ள நிக்காம ஓடுது" என்பான்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்டாப்வாட்ச். ஒருவன் ஓட்டினால் மற்றவன் கோட்டருகே நின்று நேரம் பிடிக்க வேண்டும், பலகையில் சாக்பீஸால் எழுத வேண்டும், அவன் அடுத்த சுற்று வரும்போது தூக்கிக் காட்ட வேண்டும். பலகையில் இருப்பதுதான் நேரம். மறுகேள்வி கேட்கிற வழக்கமே எங்களிடம் இல்லை.

அந்த ஞாயிறு அண்ணன் சொன்னார்: "மெட்ராஸ் ரேசுக்கு ஒருத்தனத்தான் கூட்டிட்டுப் போக முடியும் கண்ணுகளா. இன்னிக்கு ஆரு டைம் கம்மியோ அவன் என்கூட வாரான்."

முதலில் நான் ஓட்டினேன். ஸ்டீபன் 68.6 என்று எழுதிக் காட்டினான். "போட்டுத் தாக்கிட்டடா!" என்று எனக்காக அவனே குதித்தான். அப்புறம் அவன் ஓட்டினான். என் கையிலிருந்த வாட்ச் 67.9 காட்டியது. பார்த்தேன். கட்டைவிரல் தானாக அமுக்கி அதைப் பூஜ்யமாக்கியது. தானாக என்று சொல்வதும் பொய்தான். பலகையில் 69.1 என்று எழுதித் தூக்கினேன். ஸ்டீபன் அதைப் பார்த்து ஒரு தரம் தலையை ஆட்டிவிட்டு, டாங்க்கோடு டாங்க்காகக் குனிந்து முறுக்கினான். தண்ணித்தொட்டி வளைவில் வண்டி ஒரு பக்கம் போயிற்று, அவன் ஒரு பக்கம் போய் விழுந்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று.

மெட்ராஸுக்கு நான்தான் போனேன். பதினோராவதாக வந்தேன். அந்தப் பதினொன்றுக்காகத்தான் அத்தனையும்.

அடுத்த வருஷம் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து லேப் டைமர் என்று ஒன்று வாங்கி வந்தார். இரண்டு பெட்டி. ஒன்றைக் கோட்டருகே ஸ்டாண்டில் நிறுத்தினால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தைப் பாதைக்குக் குறுக்கே அடிக்கும். வண்டியில் கட்டுகிற பெட்டி அந்த வெளிச்சத்தைக் கடக்கும்போதெல்லாம் சுற்றின் நேரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதலாவது இல்லாமல் இரண்டாவது வெறும் பிளாஸ்டிக். இனி பலகையும் வேண்டாம், ஆளும் வேண்டாம். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

புதுப் பொருள் மோகத்தில் வண்டிப் பெட்டியை மாட்டிக்கொண்டு பாய்ந்துவிட்டேன். மூன்றாம் சுற்றில் அந்த வாசனை வந்தது. பாதையில் நான் ஒருவன்தான், என் டாங்க்கில் இருந்தது கடையில் விற்கிற சாதா ஆயில். ஆனாலும் முன்னால் யாரோ ஒரு வண்டி தூரத்தில் போவதுபோல விளக்கெண்ணெய்ப் புகை நேர்ப்பாதையெல்லாம் முகத்தில் அடித்தது, வளைவில் திரும்பினால் அதுவும் திரும்பியது, தண்ணித்தொட்டி வந்ததும் அறுத்துப்போட்டதுபோல நின்றது.

வண்டியை நிறுத்தினேன். அண்ணன் குனிந்து பார்த்தார். ஒரே ஒரு நேரம்தான் பதிவாகியிருந்தது. "அறுபத்தேழு புள்ளி ஒம்பது! அடேயப்பா, எங்கிருந்து கண்ணு வந்துச்சு இந்த வேகம்?" என்று முதுகில் தட்டினார். ஃபிளாஸ்க் எடுக்கக் காருக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். கோட்டருகே வைக்க வேண்டிய பெட்டி தெர்மாக்கோலுக்குள், கிழிக்காத கவருக்குள் இருந்தது. "ஏன்டா, இத நாம வெளியவே எடுக்கலையே!" அப்புறம் சிரித்தார். "சீமைச் சரக்கும் பொய் சொல்லுது பாரு."

ஸ்டீபன் ஓட்டிய அன்றைக்கு வாட்ச்சில் அந்த எண்ணைப் பார்த்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். யாரிடமும் சொன்னதில்லை, எங்கும் எழுதியதில்லை.

அடுத்த ஞாயிறு பெட்டியை ஒழுங்காக நிறுத்தி ஓட்டினேன். என் சுற்றுகள் எல்லாம் அறுபத்தொன்பது சொச்சம். நடுவில் ஒன்று மட்டும் 67.5. அதற்கடுத்த ஞாயிறு 67.1. நம்பினால் நம்புங்கள், அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. செத்தவன் பழைய நேரத்தைக் காட்டிப் பயமுறுத்தவில்லை. நான் எழுதிக் காட்டியதை நம்பி, போதவில்லை போதவில்லை என்று இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறான்.

அதோடு ஓட்டுவதை விட்டேன். சில வருஷம் கழித்து வெள்ளகோவிலில் ஒரு கல்யாணப் பந்தியில் அண்ணன் சாதாரணமாகச் சொன்னார், பீரோவில் பேட்டரி இல்லாமல் கிடந்த அந்த மிஷின் ஒரு நாள் 61.0 என்று காட்டியதாம், கோளாறு பிடித்த சாமான், தூக்கிப் போட்டுவிட்டாராம். அந்தப் பாதையில் மனிதப்பிறவியால் அறுபத்தொன்று முடியாது. இலையில் சோறு அப்படியே இருந்தது. இன்றைக்கும் சில காலைகளில் பல் விளக்கும்போது கணக்குப் போடுகிறேன், இப்போது எவ்வளவுக்கு வந்திருப்பான் என்று.

ஒன்றை விட்டுவிட்டேன். விட்டுவிடத்தான் பார்த்தேன். அந்த 67.1 வந்த ஞாயிறே ஸ்டீபனின் மனைவி ரோஸியைப் பார்க்கப் போனேன். சர்ச்சுக்குப் பின்னால் சந்தில் வீடு. பள்ளிக்கூட யூனிஃபார்மில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், எல்லாம் முறையாக.

"ரோஸிம்மா, ஒன்னு சொல்லோணும். அன்னிக்கு அந்தப் பலகையில..."

"தெரியுமுங்கண்ணா." ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவரு மனசுக்குள்ள மாதா ஜெபம் சொல்லிக்கிட்டேதான் வண்டி ஓட்டுவாரு, அதுதான் அவரு கடிகாரம், ஒரு சுத்துக்கு அஞ்சு ஜெபம். அன்னிக்கு அஞ்சாவது முடியறதுக்கு முன்னாலயே கோடு வந்துருச்சுன்னு ஆஸ்பத்திரில சொன்னாரு. அப்ப பலகை பொய்யுங்களான்னு கேட்டேன். 'சேச்சே, அவன் தப்பா எழுத மாட்டான், நான்தான் ஜெபத்த அவசரமாச் சொல்லிப்போட்டேன்'னாரு. சாகறவரைக்கும் அதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தாரு, மாதாகிட்ட."

நான் வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டித் தடுத்தாள். எழுந்து வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லிப்போட்டீங்கன்னா உங்களுக்குப் பாரம் எறங்கிருமுங்க. எறங்க வேண்டாமுங்க. போங்க."