மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ள பாடம்

எங்கள் பக்கத்தில் மருந்து என்கிற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று காரியம் பார்த்துவிடுவோம். டாக்டர் கொடுப்பதும் மருந்து, கத்தரியில் புழு விழுந்தால் அடிப்பதும் மருந்து, வாழ்க்கை வெறுத்தவர்கள் கையில் எடுப்பதும் அதே மருந்து. வினைச்சொல்லைக் கவனித்தால்தான் ஆளின் கதி தெரியும். மருந்து சாப்பிட்டான் என்றால் பிழைத்துக்கொள்வான். மருந்தடித்தான் என்றால் கூலி வாங்கியிருக்கிறான். மருந்தைக் குடித்துவிட்டான் என்றால் வண்டிக்கு ஆள் ஓடியிருக்கிறது. சேவுகன் இரண்டாவது வகை. அவனைக் கொண்டுபோய் மூன்றாவது வகையில் சேர்த்துவிட்டார்கள்.

நான் ஆலங்குடியில் தெளிப்பான் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வீடு திருவரங்குளம் பக்கத்தில், சேவுகன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. மீசை முளைத்த நாளிலிருந்து அவன் முதுகில் மருந்து டேங்க் இருக்கிறது. சொந்த நிலம் ஒரு குழி கூடக் கிடையாது. அடுத்தவர் கத்தரிக்கும் கடலைக்கும் முந்திரிக்கும் மருந்தடித்தே ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டான். அவன் மனைவி செவந்தி குளத்திலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து டேங்கில் ஊற்றுவாள். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அவன் அடிப்பான். வேலை முடிந்ததும் அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வான்.

சேவுகனிடம் ஒரு குணம் உண்டு. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்வான், அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டான். ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் அவனிடம், புதுக்கோட்டை பஸ் போய்விட்டதா என்று கேட்டேன். போய்விட்டது என்றான். தலையில் அடித்துக்கொண்டு வெயிலில் நடந்து பாதி தூரம் போனபோது இன்னொரு புதுக்கோட்டை பஸ் என்னைத் தாண்டிப் போனது. அதில் சேவுகன் உட்கார்ந்திருந்தான். அடுத்த பஸ் எப்போது என்று நான் கேட்கவில்லையாம்.

போன ஐப்பசியில் ரத்தினவேல் தோட்டத்தில் கத்தரிக்கு மருந்தடித்தான். ரத்தினவேல் எங்கள் ஊரில் நிலபுலன் உள்ளவர், மழைக்கும் வெயிலுக்கும் குடை பிடிப்பவர். மழை பெய்து குளம் கலங்கியிருந்ததால் தண்ணீரில் தூசியும் பாசியும் வந்தன. தெளிப்பான் நுனியில் மருந்து பீய்ச்சும் நாசில் அடைத்துக்கொண்டே இருந்தது. அடைக்கும்போதெல்லாம் அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதி, துப்பிவிட்டு மாட்டினான். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது அதுதான். தலை சொறிவதைப் போல, செய்தவனுக்கே செய்தது நினைவிருக்காது. மதியத்துக்கு மேல் வாயில் எச்சில் ஒழுகி, கண் மங்கி, வரப்பில் சாய்ந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் உயிர் பிழைக்க வைத்தார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கண் திறந்ததும், பணியில் இருந்த டாக்டர் பையன் கேட்டான்.

"மருந்து வாய் வழியாப் போச்சா?"

வாயெல்லாம் அதே கசப்பு. "போச்சுங்க" என்றான் சேவுகன்.

"வீட்டுல ஏதாவது சண்டையா?"

"காலையில சண்டைங்க."

"எதுக்கு?"

"கொழம்புல உப்பு இல்லீங்க."

இதற்கு மேல் ஒரு டாக்டருக்கு என்ன வேண்டும்? பின்னாலேயே வந்த போலீஸ்காரரும் அதே மூன்று கேள்வியைக் கேட்டார். சேவுகன் அதே மூன்று பதிலைச் சொன்னான். அவன் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் செய்தி முந்திக்கொண்டு வந்துவிட்டது. செவந்தி குழம்பில் உப்புப் போடாததால் சேவுகன் மருந்தைக் குடித்துவிட்டான்.

உப்பு இல்லாதது உண்மைதான். செவந்தியும் அதை மறுக்கவில்லை. அதுவே வினையாகப் போயிற்று. குற்றத்தில் பாதியை ஒப்புக்கொண்டவளிடம் மீதியையும் ஒப்படைத்துவிட்டார்கள். சேவுகனின் தங்கை மூக்காயி கல்லாலங்குடிப் பக்கத்திலிருந்து பையோடு வந்து இறங்கி, வாசலிலேயே ஒப்பாரி வைத்தாள். பிறகு ஒரு மாதம் தங்கி, அண்ணன் இலையில் விழுவதற்கு முன் ஒவ்வொரு குழம்பையும் நாக்கில் வைத்துப் பார்த்து அனுமதி கொடுத்தாள். ஊர் செவந்திக்கு 'உப்பு' என்று பட்டப்பெயர் வைத்தது. நூறு நாள் வேலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

இதையெல்லாம் செவந்தி தாங்கிக்கொண்டாள். தெருவில் அருண்குமார் என்பவர் வீட்டில் நடந்த வளைகாப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எங்கள் தெருவில் எந்த வளைகாப்புக்கும் கலந்த சாதம் கிளறுவது அவள் கைதான். புளிச்சோற்றுக்கு அந்தக் கை போல வராது, நானே தின்றிருக்கிறேன். இந்த முறை அவளை அடுப்படிப் பக்கம் விடவில்லை. சும்மா வந்து உட்கார், போதும் என்று மரியாதையாகச் சொன்னார்கள். சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு இலை போடுவதற்கு முன் எழுந்து வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. அந்த வீட்டைத் தாண்டிப் போக எனக்கே சங்கடமாக இருந்தது.

சேவுகனை யாரும் மருந்தடிக்கக் கூப்பிடவில்லை. நம் தோட்டத்தில் வந்து குடித்து வைத்தால் போலீஸுக்கு யார் பதில் சொல்வது என்று ரத்தினவேல் ஆரம்பித்து வைத்தார், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவனுக்கு அதுகூடப் பெரிதில்லை. ஒருநாள் என் கடைக்கு வந்து, வேலை எதுவும் இல்லாமல் நின்றான்.

"அண்ணே, நான் குடிக்கலண்ணே. அப்ப வாயில எப்புடிப் போச்சுன்னு கேக்குறாக. தெரிஞ்சாச் சொல்லிருவேன். எனக்குத் தெரியலண்ணே. அவளப் போட்டுக் கொல்லுறாக."

எனக்கும் தெரியவில்லை. மேசை மேல் ஒரு டப்பா நிறைய நாசில் வைத்துக்கொண்டுதான் தெரியவில்லை என்றேன்.

பங்குனியில் பயிற்சி வந்தது. சென்னையில் ஏதோ ஒரு அறக்கட்டளை, பூச்சிமருந்து தெளிப்போருக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடத்த நிதி கொடுக்கிறது. முப்பது பேருக்கு ஒருநாள் பாடம், மதியம் கறிச்சோறு, போகும்போது ஆளுக்கு ஒரு பை. பையில் கையுறை, முகக்கவசம், கண்ணாடி, மேலங்கி எல்லாம் உண்டு. நிதிக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. பயிற்சி பெறுகிறவர் விவசாயியாக இருக்க வேண்டும். விவசாயி என்றால், நிலம் தன் பேரில் இருப்பதைக் காட்டும் சிட்டா கையில் இருக்க வேண்டும்.

ஆக, மருந்து தெளிப்போர் பயிற்சிக்கு மருந்து தெளிக்காதவர்கள் முப்பது பேர் சமுதாயக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ரத்தினவேல். அவர் கடைசியாகத் தெளித்தது மகள் கல்யாணத்தில் பன்னீர். போன வருஷமும் இதே பயிற்சிக்கு வந்து பை வாங்கியவர்தான். அந்தக் கண்ணாடியைப் பேரன் பைக் ஓட்டும்போது மாட்டிக்கொள்கிறான், கையுறை மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது.

செய்து காட்டுவதற்குத் தெளிப்பான் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். காலி டேங்கைத் தூக்கிவர மட்டும் சேவுகனைக் கூப்பிடலாம், அதில் ஆபத்தில்லை என்று ரத்தினவேலுக்குத் தோன்றியது. மற்றவர்களும் அவரவர் ஆளைக் கூட்டி வந்தார்கள். தெளிப்பான்களும் அவற்றைத் தூக்கி வந்தவர்களும் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு செவந்தியும் இருந்தாள். ஒரு தெளிப்பான் கிளம்பவில்லை என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

பாடம் நடத்தியது கலைமதி. அறக்கட்டளையில் வேலை பார்க்கும் சின்ன வயதுப் பெண், தொண்டை கட்டுகிற வரை உண்மையாகப் பாடம் நடத்தினார். காலையில் கையுறை, முகக்கவசம், காற்று வீசும் திசை. அப்புறம் சாப்பாடு. கறி நன்றாக இருந்தது. கை கழுவிய கையோடு முப்பது பேரும் பையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். பாதிப்பேர் வீட்டுக்கு, ரத்தினவேலும் மீதிப்பேரும் எதிர் டீக்கடைக்கு.

பாடப் புத்தகத்தில் நாசிலைப் பற்றிய பாடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருக்கிறது. நடத்தத் தொடங்கிய நாள் முதல் அந்தப் பாடத்தை நாற்காலிகளுக்குத்தான் நடத்துகிறேன் என்று கலைமதி என்னிடம் சிரிக்காமல் சொன்னார். அன்றைக்கும் அப்படியே முடிந்திருக்கும். ஆனால் கொஞ்ச நேரத்தில் போட்டோ எடுக்க ஆள் வருவதாகச் சென்னையிலிருந்து போன் வந்தது. காலி நாற்காலியைப் போட்டோ எடுத்தால் அடுத்த வருஷம் நிதி கிடையாது. கலைமதி வெளியே வந்து மரத்தடியைப் பார்த்தார். வந்து உட்காருங்களேன், கொஞ்ச நேரம் என்று கேட்டார். டேங்க் தூக்கி வந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். செவந்தி கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்தாள். நாற்காலியில் உட்காரச் சொல்லி இரண்டு தடவை கேட்டுக்கொண்ட பிறகு ஏறி உட்கார்ந்தாள்.

"நாசில் அடைச்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் கலைமதி.

எல்லோரும் சேர்ந்தாற்போல, ஊதுவோம் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கூட அவர்கள் இப்படி ஒரே குரலில் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கலைமதி கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பேசினார். ஊதும்போது நாசிலில் இருக்கும் மருந்து உதட்டில் படும், எச்சிலோடு உள்ளே இறங்கும், தோலில் படுகிற மருந்தும் அதோடு சேர்ந்துகொள்ளும். முதலில் எச்சில் ஊறும். வியர்க்கும். கண் மங்கும். கை நடுங்கும். கவனிக்காவிட்டால் ஆள் விழுந்துவிடுவார். ஒவ்வொன்றுக்கும் சேவுகன் தலையாட்டிக்கொண்டே வந்தான். பிறகு எழுந்து நின்றான். யாரும் கேட்காமல் அவன் பேசி நான் பார்த்தது அன்றுதான்.

"மேடம், அப்ப ஊதுனாலே வாயில போயிருமா?"

"போயிரும்ங்க."

"குடிக்காமலே?"

"குடிக்காமலே."

அவன் திரும்பிச் செவந்தியைப் பார்த்தான். அவள் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் ஐப்பசியில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். குளத்துத் தண்ணீர், பாசி, வரப்பு, டாக்டர் கேட்டது, உப்பு, மூக்காயி, வளைகாப்பு. இத்தனை சொற்கள் அவனிடம் இருந்தது யாருக்குத் தெரியும்? சொல்லி முடித்துவிட்டுக் கேட்டான்.

"இத வெளியில இருக்க பாட்டுக் கொழாய்ல சொல்ல முடியுங்களா மேடம்? இங்கிட்டு இருக்கவுகளுக்கு இப்பத் தெரிஞ்சுபோச்சு, இவுகளும் ஊதுறவுகதான். அங்கிட்டு இருக்கவுகளுக்குத்தான் தெரியணும்."

சமுதாயக் கூடத்து மாடியில் கல்யாணத்துக்குப் பாட்டுப் போடுகிற கூம்பு ஸ்பீக்கர் ஒன்று உண்டு. நான் ஏறிப் போய் ஒயரை மாட்டினேன். இரண்டு தரம் கரகரத்துவிட்டுப் பேசியது. கலைமதி மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நாசில வாயால ஊதுனா மருந்து ஒடம்புக்குள்ள போயிரும். ஐப்பசி மாசம் சேவுகன் மயங்கி விழுந்தது அதனாலதான். அவர் மருந்தக் குடிக்கல."

டீக்கடையில் இருந்தவர்கள் கூடத்தின் பக்கம் திரும்பினார்கள். அருண்குமார் வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் வந்து எட்டிப் பார்த்ததை மாடியிலிருந்தே பார்த்தேன்.

நான் இறங்கி உள்ளே வந்தபோது செவந்தி எழுந்தாள். "எம் பேரையும் சொல்லுங்க மேடம்" என்றாள்.

கலைமதி பெயரைக் கேட்டுக்கொண்டு மறுபடி மைக்கில் சொன்னார். "அவர் சம்சாரம் செவந்திக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

செவந்தி அப்படியே நின்று அழுதாள். இத்தனை மாதத்தில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது, இதில் மறைக்க என்ன இருக்கிறது. அழுது முடித்து, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"வருசா வருசம் இந்தப் பாடம் நடக்குதுங்கிறீங்க. எங்களுக்கு ஏன் மேடம் சொல்லல? நாங்கதான மருந்தடிக்கிறோம்?"

கலைமதிக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

"ஒங்களுக்கு நெலம் இல்லீங்களேம்மா" என்றார். "நெலம் உள்ளவங்களுக்குச் சொல்லிக் குடுக்கத்தான் காசு தர்றாங்க."

மைக்கை அவர் இன்னும் அணைக்கவில்லை. எதிரே டீக்கடையில் ரத்தினவேல் புதுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அது கேட்டது.