மெழுகு அண்டாவுக்கு மேலே ஒரு கட்டு ஓலை

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலையில் புதுச்சேரி பஸ் ஏறினேன். மலைச்சரிவில் பற்றிய தீ என் டிபன் கடையையும் தின்றுவிட்டுப் போய், அதை நான் மறுபடி எழுப்பியதிலிருந்து, தீயில் அடிபட்ட கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். யார் கூப்பிட்டாலும் போய், தீ வருமுன் என்ன செய்வது, வந்து போனபின் எப்படி எழுவது என்று சொல்லிவிட்டு வருவோம். கூலி வயிறு நிறையச் சாப்பாடு. அதில் நான் கூச்சப்படுவதில்லை.

செஞ்சி, திண்டிவனம் வழியாக நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். பத்தே காலுக்குக் புதுச்சேரி எல்லையிலுள்ள கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களாகப் பாதி பஸ் இறங்கியது. நானும் இறங்கி, நூற்றைம்பதுக்கு ஆட்டோ பேசினேன்.

"தீயணைக்க வந்தீங்களா சார்?" என்றார் ஓட்டுநர், என் கதையைக் கேட்டுவிட்டு.

"இல்லப்பா, தீ வராம பாத்துக்க."

"அப்ப மெதுவாவே போலாம்."

சொன்னபடியே மெதுவாகத்தான் போனார்.

பதினொரு மணிக்குக் கருவடிக்குப்பம். கூப்பிட்டிருந்தவர் பிலோமினா, மெழுகுவர்த்திப் பட்டறை நடத்துகிறவர். போன கோடையில் பின்னாலிருக்கும் சவுக்குத் தோப்பில் சருகு பற்றி, கீற்றுக் கூரை வழியாக இறங்கி, இருந்த மெழுகையெல்லாம் உருக்கிவிட்டது. இப்போது தகரக் கூரை போட்டாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவர் தீக்குச்சியைத் தொடவில்லை. வீட்டு அடுப்பைக்கூடக் கணவர்தான் பற்றவைக்கிறார். வேலை பார்த்த ஆறு பெண்களும் அவர் கூப்பிடும் நாளுக்காகக் காத்திருந்தார்கள்.

"நீங்க பாத்து சரின்னா நாளைக்குப் பத்தவைக்கிறேன் அண்ணே. இல்லன்னா இழுத்து மூடிட்டுப் போறேன்" என்றார்.

சுற்றிப் பார்த்தேன். வேலியோரம் சருகு அள்ளி வெறும் மண்ணாக்கியிருந்தார். சிலிண்டர் வெளியே போயிருந்தது. பட்டறைக் காகிதங்களின் நகல் தங்கை வீட்டில் இருந்தது. மெழுகு பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மூடி அமுக்க, அண்டாவுக்கு இரும்பு மூடியும் தயார். எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லையே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அப்புறம் அண்ணாந்து பார்த்தேன்.

அண்டாவுக்கு நேர் மேலே, துடைப்பக்கட்டைவிடப் பெரிதாக, காய்ந்து மொறுமொறுத்த ஓலைக் கட்டு!

"குருத்தோலை ஞாயிறுக்குக் கோயில்ல மந்திரிச்ச ஓலை. தீப்பிடிச்ச அன்னைக்கு வாசல் நிலைக்கு மேல இருந்த என் ஓலை மட்டும் எரியல. அதான் வேலை பாக்குற பொண்ணுங்களும் அவங்கவங்க வீட்டு ஓலையெல்லாம் கொண்டாந்து கட்டிட்டாங்க."

"அம்மா, இது இங்க கூடாது. ஒரு பொறி போதும்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "மந்திரிச்சத தூக்கி எறியக் கூடாது அண்ணே" என்றவர் தானே சிரித்தார். "எரிக்கலாம். நாளைக்குச் சாம்பல் புதன். போன வருசத்து ஓலைய இன்னைக்குச் சாயங்காலம் சாமியார் கொளுத்துவாரு. அந்தச் சாம்பல்தான் நெத்திக்கு. பயத்துல இத மறந்தே போயிட்டேன்."

மாலை ஐந்தரைக்குக் கோயிலின் பின்புறம். மணல் வாளியோடு நானும் போனேன், தொழில் புத்தி. சாமியார் இரும்புச் சட்டியில் ஓலையைப் போட்டு, "பெரிய கட்டு உன்னுதுதான், நீயே வையி" என்று தீப்பெட்டியைப் பிலோமினாவிடம் நீட்டிவிட்டார். நான் மணல் வாளியைக் கையிலெடுத்தேன். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது அணைந்தது. மூன்றாவதில் ஓலை குப்பென்று பற்றியது. அவர் ஓரடி பின்வாங்கினார்; ஓடவில்லை. கங்கு அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"சாம்பல் மறுபடி பத்தாதுல்ல அண்ணே?"

"பத்தாது."

புதன்கிழமை காலை எட்டு மணி. ஆறு பெண்களும் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்திருந்தார்கள். என் நெற்றியில் அண்ணாமலையார் விபூதி. பட்டறை அடுப்பைப் பிலோமினா ஒரே குச்சியில் பற்றவைத்தார். பெண்கள் கைதட்டினார்கள். என் கண் கலங்கியது. மெழுகுப் புகை என்று சொல்லலாமென்றால், மெழுகு இன்னும் உருகவே இல்லை.

இட்லியும் மீன்குழம்பும் ஒரு கட்டு கட்டிவிட்டுக் கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"அண்ணே, உங்க கடை அடுப்புக்கு மேல இன்னா தொங்குது?"

நான் ஆட்டோ ஏறினேன். திண்டிவனம் வரைகூடப் பொறுக்கவில்லை. கோரிமேட்டிலிருந்தே மனைவிக்குப் போன் போட்டு, பொங்கலுக்குக் கட்டிய மாவிலைத் தோரணத்தை அவிழ்க்கச் சொன்னேன்.

"அது பாட்டுக்குத் தொங்குது. யார் சொன்னா?" என்றாள்.

"பிலோமினாம்மா" என்றேன்.