ஏரிஸுக்கு ஒரு நிலா

நான் மண்ணரை என்ற ஊரில் நான்காம் வகுப்பு டீச்சர். அன்று சாயங்காலம் கோள்கள், குறுங்கோள்களைப் பற்றிச் சொல்லித்தரப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். மஞ்சள் பனியன் துணியைச் சுருட்டிச் செய்த பந்துதான் சூரியன். பிள்ளைகள்தான் அதைச் சுற்றும் கோள்கள்; வியாழனாகவும் சனியாகவும் இருக்க ஒரே போட்டி. யாரும் கேட்காத குறுங்கோள் ஏரிஸ், ஒடிசாவிலிருந்து புதிதாகச் சேர்ந்த மினதிக்குப் போனது. வந்ததிலிருந்து அவள் வகுப்பில் வாய் திறந்ததே இல்லை.

ஏரிஸ் வெகு தொலைவு என்பதால் அவளை மதிலோரம் நிறுத்தினேன். நிறுத்தியதும் மனசு கேட்கவில்லை. தனியாக இருக்கும் பிள்ளையை நானும் தள்ளிவிட்டேனே!

மற்றவர்கள் சுற்றிக் களைத்து உட்கார்ந்துவிட்டார்கள். மினதி மட்டும் பந்தைப் பார்த்தபடி, கனவில் நடப்பவள்போல மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். பொன்வெயில் அவள்மேல் விழுந்தது.

"போதும் கண்ணு, வா."

"இன்னும் சுத்தி முடிக்கலீங்க டீச்சர்."

தமிழ்! அதுவும் எங்கள் ஊர்த் தமிழ்.

வியாழனாக இருந்த கவிதா எழுந்தாள். "ஏனுங்க டீச்சர், ஏரிஸுக்கு நிலா இருக்குதுங்களா?"

"ஒண்ணு இருக்குது கண்ணு."

"அப்ப நான்தானுங்க அது!" என்று மதிலோரம் ஓடினாள்.

மினதி நடக்க, கவிதா அவளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இருவரும் சிரித்தார்கள். தொலைவில் இருப்பவர்கள் தனியாகத்தான் இருப்பார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.