தொண்டைக்குள் தொங்கிய பை

கண்ணாடிக்காரருக்கு வயது அறுபத்திரண்டு. முப்பது வருடமாக அடுத்தவர் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்று பிழைத்தவர். மூக்குக்கண்ணாடி ஃபிரேமை வந்தவர் முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்து, "அழுத்துதா?" என்று கேட்பார். அந்த ஒரு வார்த்தைக்கே ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தபோதுதான் தன் வாய் நாறுகிறது என்று அவருக்கு உறைத்தது.

லென்ஸில் ஒரு விரல்ரேகை பட்டால்கூடப் பொறுக்காத மனிதர். மூன்று வேளையும் பல் தேய்த்தார். ரத்தம் கசியும் வரை நாக்கை வழித்தார். பல் டாக்டர் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியதுதான் மிச்சம். ஊறப்போட்டு மறந்த பாத்திரத்தின் நாற்றம் அப்படியே இருந்தது. தண்ணீர் குடித்தால் கழுத்துக்குள் களக்களக்கென்று சத்தம் வேறு. மனைவி முழங்கால் வலி என்று சொல்லி ஹாலில் படுக்கத் தொடங்கினாள். முழங்காலுக்கும் கட்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் டீச்சர் ஒருவர் புதுக் கண்ணாடிக்கு வந்தார். அதைச் சரிசெய்யக் குனிந்தபோது தொண்டையிலிருந்து ஏதோ புரண்டு வந்தது. வாயை மூடுவதற்குள் டீச்சரின் மடியில் விழுந்தது: ஒரு பட்டாணி. முந்தின நாள் தின்றது. முழுசாக, கொழகொழவென்று, கோழை சுற்றிக் கிடந்தது. டீச்சர் கைக்குட்டையால் அதை எடுத்து, கைக்குட்டையோடு குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, பழைய கண்ணாடியையே மாட்டிக்கொண்டு போய்விட்டார். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"நேத்துப் பட்டாணியா?"

"நேத்துதான்."

"உங்க தலகாணி உறையில தினமும் இப்படி ஏதாவது ஒட்டியிருக்குங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம துவைச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் எத்தனை மாதமாக மூக்கைப் பொத்திக்கொண்டு துவைத்தாளோ.

மறுநாள் ஆஸ்பத்திரியில், சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒன்றைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். நேராக இறங்க வேண்டிய வெள்ளைக் கோடு, கழுத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு உப்பித் தொங்கியது.

"உணவுக்குழாய் ஆரம்பிக்கிற இடத்துல சுவர் பலவீனமாகி, பின்பக்கமா பை மாதிரி பிதுங்கியிருக்கு," என்றார் டாக்டர். "சாப்பிடுறதுல கொஞ்சம் அதுக்குள்ள விழுந்து தங்கிடுது. குனிஞ்சா, படுத்தா வெளிய வருது."

"உள்ளேயே அழுகுமா?"

"அழுகும்."

வாய் வழியாகவே கருவியை விட்டு, பையில் விழுவது தங்காமல் குழாய்க்குள் இறங்கும்படி, இரண்டுக்கும் நடுவிலிருந்த சுவரை வெட்டிவிட்டார்கள். வெட்டுமுன் பையைக் கழுவியபோது எடுத்த படத்தை டாக்டர் பிறகு காட்டினார். சாம்பல் நிறச் சேறு, சுருண்ட தக்காளித் தோல், பாதி கரைந்த மாத்திரைகள்.

"இது உங்க பிரஷர் மாத்திரைங்க," என்று மனைவி விரலை வைத்துக் காட்டினாள். "ரெண்டு இருக்கு."

அவர் வாஷ்பேசினுக்கு ஓடினார்.

ஒரு மாதத்தில் நாற்றம் அடங்கியது. மனைவி ஒருநாள், பால் கெட்டதா என்று பார்ப்பதுபோல் அவர் வாயருகே மோந்துவிட்டு, "ஒண்ணுமில்ல," என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கண்ணாடிக்காரர் டீச்சருக்குப் போன் செய்து வரவழைத்து, புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டார். "அழுத்துதா?" என்பதை மட்டும் சுவரைப் பார்த்துக் கேட்டார்.